கிறிஸ்மஸ் மரத்துக்கு அடித்த மொட்டை

டிசம்பர் பிறந்துவிட்டால் நுவரெலியா டவுனில் ஒரு வாடை கிளம்பும். இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பிராந்தியில் ஊறிய கேக், மட்டக்குதிரைச் சாணம், நனைந்த கம்பளிக் கோட்டு, யாரோ ஒரு கனவான் ரோஜாச் செடிக்குள் எடுத்த வாந்தி, எல்லாம் சேர்ந்த வாடை. வந்தவர்கள் அதைக் கிறிஸ்மஸ் சீசன் என்றார்கள். அந்த வாந்தியை அள்ளிப்போட்ட எனக்கு அதற்கு வேறு பெயர் தெரியும். அச்சில் போட முடியாது.

டவுனில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் நான் சாப்பாட்டு மேசைக்குப் பரிமாறுகிற வேலையில் இருந்தேன். பிறந்தது, வளர்ந்தது, குடியிருந்தது எல்லாம் டவுனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்றில். என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று ரேடியோவில் சொல்லிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கே போனான்? எங்கள் தோட்டத்துப் பங்களாவில் துரை அப்படியே இருந்தார். துரைசானியும் இருந்தாள், அவளுடைய நாய்களும் இருந்தன. ஹோட்டலில் மட்டும் ஒரு மாற்றம். வெள்ளைக்காரர்களோடு கொழும்பிலிருந்து நம் நிறத்து ஆட்களும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கியிருந்தார்கள். நிறம்தான் நம்முடையது. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் தவிர ஒன்றும் வராது.

அவர்களுக்குக் குளிர் வேண்டும். அதற்குத்தான் மலையேறி வருவார்கள். ஹோட்டல் கூடத்தில் ஒரு மரத்தை வெட்டிக்கொண்டு வந்து நட்டு, அதன் மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டச் சொல்வார்கள். பனியாம்! வெளியே நிஜப் பனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கும். எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குக் கன்னம் வெடித்து, உதடு வெடித்து ரத்தம் கசியும். அந்தப் பனியைப் பார்க்க ஒரு நாதியில்லை. கூடத்தில் நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பஞ்சுப் பனியைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்பார்கள். ஏணியில் நின்று அந்தப் பஞ்சை ஒட்டியவன் நான்தான். தும்மித் தும்மி மூக்கு வீங்கிப்போகும்.

ஏரியில் படகுப் போட்டி, மட்டக்குதிரைச் சவாரி, மாறுவேஷ நடனம் என்று நாளுக்கொரு கூத்து நடக்கும். மாறுவேஷத்துக்கு ஒருவர் கங்காணி மாதிரித் தலைப்பாகை கட்டிக் கையில் பிரம்போடு வந்து, சோற்றுத் தட்டு ஏந்திய எங்கள் முதுகில் விளையாட்டாகத் தட்டினார். கூடமே சிரித்தது. அவருக்குத்தான் முதல் பரிசு. தூ! எங்கள் அப்பன் பாட்டன் முதுகில் விழுந்த பிரம்பு இவர்களுக்கு வேஷம்.

அந்த வருஷம் புதிதாக ஒரு நிகழ்ச்சி சேர்த்தார்கள். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளை ஹோட்டலுக்குக் கூட்டிவந்து, கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி உட்கார வைத்து, விருந்தாளிகள் தங்கள் கையாலேயே விளையாட்டுச் சாமான் கொடுப்பது. யோசனை எங்கள் துரைசானியுடையது. பிள்ளைகளுக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்தால் நினைப்பவர் ஏமாளி. அது வந்தவர்கள் பார்ப்பதற்கான வேடிக்கை. குரங்குக்குக் கடலை போடுவது எப்படியோ அப்படி. பொறுக்கிய பிள்ளைகளில் என் மகளும் இருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை.

அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் எங்களுக்குத் தங்கவில்லை. ஒன்று பேதியில் போனது. இன்னொன்று ஏன் போனது என்றே தெரியாது. என் மனைவி டிக்கோயாப் பக்கத்துப் பெண், வாய்க்காரி, லேசில் அழாதவள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஈரச் சேலையோடு விழுந்து கிடந்தாள். "இதயாச்சும் எனக்குக் குடுத்துரு தாயி. கத்தி படாம வளத்து மூணு வயசுல ஒன் வாசல்ல வந்து முடி எறக்குறேன்" என்று நேர்ந்துகொண்டாள். பெண் பிறந்தாள். பிழைத்தாள். சித்திரை கழிந்து வரும் திருவிழாவில் முடி இறக்குவதாக இருந்தது. அதுவரை அந்த முடி பிள்ளையுடையது இல்லை, அம்மனுடையது. தோளுக்குக் கீழே வந்துவிட்ட அந்த முடியைத் தினமும் எண்ணெய் வைத்து வாரி முடிவாள். ஒரு மயிர் சீப்பில் வந்தாலும் எடுத்துச் சுருட்டிக் கூரையில் சொருகி வைப்பாள். முடிக்கு ஏதாவது ஆனால் மூத்ததுகள் போன வழியில் இதுவும் போய்விடும் என்பது அவள் நம்பிக்கை. என் நம்பிக்கை என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறவன்தான் நானும்.

"வேடிக்கைக்கெல்லாம் எம்புள்ளய அனுப்ப மாட்டேன்" என்றாள் மனைவி.

"தொரசானி பேரு குடுத்தாச்சு. நாந்தான் அங்கயே இருக்கேன்ல, பாத்துக்கிறேன்" என்றேன்.

அன்று விடியுமுன்பே நான் ஹோட்டலுக்குப் போய்விட்டேன். அவள் வழக்கம்போலப் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறினாள். பெற்றவர்கள் வேலைக்குப் போனால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு அதுதான் பெயர். பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா உண்டு. எனக்குத் தூரத்து உறவில் அக்கா முறை.

சாயங்காலம் ஹோட்டல் வாசலில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறி வந்து நின்றது. கேக் தட்டோடு கூடத்துக் கதவருகே நின்றவன் எட்டிப் பார்த்தேன். இறங்கிய பிள்ளைகள் எல்லாம் மொட்டை. ஆணும் மொட்டை, பெண்ணும் மொட்டை. தலைகளில் ஏதோ வெள்ளை மருந்து பூசி, சிலதில் கத்தி பட்ட கீறலோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு வரிசையாக வந்தன. என் பிள்ளை எது என்று எனக்கே தெரியவில்லை. "அப்பா" என்று ஒரு மொட்டை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. அப்போதுதான் தெரிந்தது.

தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கூட வந்த ஆயாம்மாவிடம் பாய்ந்தேன்.

"என்னக்கா இது? யாரு கைய வச்சது?"

"நான் என்ன தம்பி செய்வேன்? பேனு இருக்கிற புள்ளைங்கள ஹோட்டலுக்குள்ள விடமாட்டாங்களாம். வந்திருக்கிறவங்களுக்கு ஒட்டிக்குமாம். எல்லாத்துக்கும் செரச்சு விடச் சொல்லித் தொரசானி உத்தரவு. இது நேந்த முடி, வேணாமுன்னு டிஸ்பென்சரி அய்யாகிட்டக் கெஞ்சினேன். 'உத்தரவு எண்டால் உத்தரவுதான், என்ர வேலையைப் பறிக்கப் பாக்கிறியோ'ன்னு அந்த யாழ்ப்பாணத்து மனுசன் கத்துறாரு." அவர் குரலையே செய்துகாட்டிவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு ரகசியமாக, "ஆனா தம்பி, நீ பயப்படாத. நான் விட்டுட்டேனா? புள்ளயக் கெழக்கப் பாத்து ஒக்கார வச்சு, தலையில மஞ்சத் தண்ணி தெளிச்சு, 'மாரியாத்தா, ஒனக்குத்தான் தாயி'ன்னு சொல்லித்தான் கத்திய வைக்கவிட்டேன். முடியயும் அள்ளி ஆத்துல விட்டுட்டேன். அது ஆத்தாவுக்குப் போயிருச்சு" என்றாள்.

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசைக் கேட்டதும் எனக்கு இன்னும் பகீரென்றது. அம்மன் வாசலில் இறக்க வேண்டிய முடியைப் பேன் மருந்து வாளிக்குப் பக்கத்தில், அம்மன் பேரைச் சொல்லி இறக்கி, கையில் ஒரு பிடிகூட மிஞ்சாமல் ஆற்றில் விட்டுவிட்டாள்.

அதற்குள் மேனேஜர் கண்ணால் என்னைச் சுட்டார். பிள்ளையை மற்றவர்களோடு உட்கார வைத்தேன். பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா சாராய நாற்றத்தோடு தள்ளாடி வந்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்து அலறின. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவப்புத் தொப்பி போட்ட கொழும்பு அம்மாள் ஒருத்தி, மூக்கருகில் சென்ட் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு என் மகளிடம் வந்தாள். மொட்டையை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தா பையா" என்று ஒரு தகரத் துப்பாக்கியைக் கையில் திணித்தாள்.

"பெண் பிள்ளை, அம்மா" என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"அப்படியா? பார்த்தால் தெரியவில்லையே!" என்று சொல்லிச் சிரித்தாள். அவளோடு நின்றவர்களும் சிரித்தார்கள். கருமம், நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அந்த வேலைக்கு அதுதான் முதல் பாடம்.

வேலை முடிந்து லயத்துக்குப் போனபோது மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில், நடந்ததைச் சொல்லி ஆயாம்மா லொறியில் கொண்டுவந்து விட்ட பிள்ளை. சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளையின் தலையைத் தன் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டுப் பார்த்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. அந்தக் குளிரில், வாழ்நாளில் திறந்திராத தலையை வழித்து, திறந்த லொறியில் ஏற்றிக்கொண்டு போனால் காய்ச்சல் வராமல் என்ன வரும்?

டிஸ்பென்சரி மருந்து கொடுத்தும் மறுநாள் காய்ச்சல் இறங்கவில்லை. கஞ்சி உள்ளே போகவில்லை. மனைவி பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் பூசாரியைத் தேடிப் போனாள். நானும் பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"சாமி பேரச் சொல்லித்தான் எடுத்திருக்காங்க. கணக்குல சேருமா, சேராதா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள்.

பூசாரி வெகுநேரம் தலையைச் சொறிந்தார். அவருக்கும் இப்படி ஒரு வழக்கு முன்னால் வந்ததில்லை. "ஆத்தா வாசல்னு சொல்லித்தானே நேந்த? பிள்ளைக்காம்பரா ஆத்தா வாசலா? சேராது. புள்ளைக்கு மறுபடி வளத்துத்தான் எறக்கணும்."

"அதுவரைக்கும் எம்புள்ள இருக்கணுமே!"

அவள் கொண்டையை அவிழ்த்தாள். அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே விழுகிற முடி. லயத்துப் பெண்கள் எல்லாம் கண் வைக்கிற முடி. "இப்ப என்னுதப் புடிச்சுக்கச் சொல்லுங்க. வளந்ததும் அவளுதத் தாரேன்" என்று கோயில் வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். கத்தி ஓடி முடியும்வரை கண்ணிமைக்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் துரைசானியை அந்த நிமிஷம் எதிரில் கண்டிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் விட்டது. அம்மனா, டிஸ்பென்சரி மருந்தா என்று எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

புதுவருஷத்தன்று ஹோட்டலில் இருந்தவர்களைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். சாண்ட்விச்சும் தேநீரும் சுமக்க என்னையும் அனுப்பினார்கள். எங்கள் தோட்டம்தான். படம் பிடிப்பதற்காகக் கொழுந்து பறிக்கிற பெண்களைப் பாதையோரத்துத் தேயிலை நிரையில் நிறுத்தியிருந்தார்கள். முகவெட்டான பெண்களை முன்னால் விட்டு, என் மனைவியைப் பின்னுக்குத் தள்ளத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையைக் காட்டினார். அவள் அசையவில்லை. தலையில் போட்டிருந்த முக்காட்டுத் துணியையும் உருவிக் கூடைக்குள் போட்டாள். பளபளவென்று மொட்டை.

சிவப்புத் தொப்பி அம்மாள் நேராக அவளிடம்தான் வந்தாள். "அடடா, இவளுக்கு என்ன ஆயிற்று? கேட்டுச் சொல்" என்றாள் என்னிடம். அவள் என் மனைவி என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது.

நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுங்க அந்தம்மாகிட்ட. நேந்து வளத்த எம் மக முடிய அவங்க வேடிக்கைக்குச் செரச்சுட்டாங்க. எம்புள்ள சாகக் கெடந்துச்சு. அதுக்குப் பதிலா எங்க ஆத்தாவுக்கு என் முடியக் குடுத்தேன். ஒரு சொல்லு விடாம அப்புடியே சொல்லுங்க."

வேலை போனால் போகட்டும் என்று ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். என் மகள், என் மனைவி என்றே சொன்னேன். அந்த அம்மாள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நானும் ஒரு கணம் எதிர்பார்த்துத் தொலைத்தேன்.

"என்ன அற்புதமான வழக்கம்!" என்றாள், கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து. "அடுத்த கிறிஸ்மசுக்கு நாங்கள் வரும்போது இதைக் கோயிலில் செய்து காட்டுவார்களா? ஹோட்டல்காரர்களிடம் சொல்லி நிகழ்ச்சியில் சேர்க்கச் சொல்லலாம், இல்லையா?"

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மனைவி.

சொன்னேன். அவள் கூடையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். தொண்டையைக் காறி, அந்த அம்மாளின் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி, தேயிலைத் தூரில் 'த்தூ' என்று துப்பினாள். அதுவும் எங்கள் வழக்கங்களில் ஒன்று என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் காமிராவைத் தூக்கினாள்.