கையெழுத்துப் போடாத கமலா அக்கா

பாயான் பாருவிலிருந்து கிளம்பிய எங்கள் தொழிற்சாலைப் பேருந்து கடற்பாலத்து நெரிசலில் நின்றபோது செய்தி வந்தது. செபராங் ஜெயாவில், மகள் வீட்டில், கமலா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர்மேல் அன்பு வைத்தவர்களும் அவரை மன்னிக்காதவர்களும் அந்தப் பேருந்தில் இருந்தோம். நான் இரண்டிலும் சேர்த்தி.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த நாள் மறந்திருக்காது. மாக் மண்டினில் இருந்த நம் பழைய தொழிற்சாலையில், மக்னீசியக் கலவையில் செய்த ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் சட்டங்களுக்கு நாங்கள் பூச்சு போட்டோம். தூக்குவதற்கு இலேசான உலோகம். ஆனால் உப்புக்காற்று ஆகாது. பூச்சு சற்று விட்டாலும் அடியில் அரிக்கத் தொடங்கிவிடும். தரச் சோதனை அக்காவின் பொறுப்பு. நான் அடுத்த மேசை.

சரக்கு ஏற்றிய லோரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. உப்புநீர்ப் புகை அடிக்கும் சோதனைப் பெட்டியை அக்கா திறந்தார். மாதிரிச் சட்டத்தின் பற்றவைத்த மூலையில் பூச்சு கொப்புளித்திருந்தது. நகத்தால் கீறினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "ஒரு மூலைதானே லா அக்கா? சைன் பண்ணுங்க. இன்னிக்குப் போகலன்னா ஆர்டர் கேன்சல். நைட் ஷிஃப்டையே மூடணும்."

"அந்த மூலையிலதான் தம்பி ஆளோட பாரம் நிக்கும். எறக்கச் சொல்லுங்க."

நைட் ஷிஃப்டில் இருந்தவர் என் கணவர். அது அக்காவுக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே போய் லோரியின் முன்னால் நின்றார். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். லோரி ஓரடி நகர்ந்தது. நான் கத்திவிட்டேன். அக்கா அசையவில்லை. என்ஜின் நின்றது.

ஆர்டர் கைவிட்டுப் போனது. ஷிஃப்டும் போனது. அந்த வாரமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"எங்கள நெனச்சுப் பாக்கலையாக்கா?" என்றேன்.

"நெனச்சேன்மா. லோரி முன்னால நிக்கிறப்ப உன் நெனப்புதான். ஆனா அதுல படுக்கிறவங்க எழுந்திரிச்சு சட்டம் சரியா இருக்கான்னு பாக்க முடியாது லா."

மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். கணவருக்கு வேறு வேலை கிடைக்க ஆறேழு மாதமாயிற்று. அதன் பிறகும் அவர் அக்காவிடம் பேசவே இல்லை.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு நான் கணவரைக் கூப்பிடவில்லை. தானாகவே வந்தார். பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவரும் அவர்தான்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று அக்கா என்னைப் பார்த்த பார்வை. என் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று முழுக்கத் தெரிந்த பார்வை. அவர்மேல் எனக்கிருந்த கோபமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதுவும் அக்கா விட்டுப்போனதுதான், இருக்கட்டும்.