அக்காவின் அறையில் இருக்கும் பெட்டி

கம்பியின் தோலைப் பல்லால் கடித்து உரிக்கிறார் செமிசி. அதற்கான கருவி சட்டைப் பையிலேயே இருக்கும், எடுக்க மாட்டார். துப்பிய நீலத் தோலைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அக்கா வீட்டு முற்றம் அழுக்காகக் கூடாது. அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தால்கூட மரியாதைக்கு இடுப்புப் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் வருவார். பாயோடு ஒருவர் ஏணி ஏறுவதைப் பார்த்துச் சிரிக்க, தீவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் ஆளில்லை.

சந்தையோரம் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். இணையக் கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் விருந்தாளி. "திங்கிறது நம்ம வீட்டுக் கிழங்கு, சாவி மட்டும் அவன் பையில" என்பார். கடவுச்சொல் கம்பெனியிடம் இருக்கும். உள்ளே ஒன்றையும் மாற்ற முடியாது. அதனால் விருந்தாளியோடு மல்லுக்கு நிற்காமல், அதிலிருந்து ஒரு கம்பி இழுத்துத் வைஃபை தரும் தன் சின்னப் பெட்டியைப் பின்னால் மாட்டிவிடுவார். முதல் காரியமாகத் தன் பெட்டியின் முகவரி எண்ணை மாற்றுவார். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா இருந்தா, கூப்புட்டா யாரு திரும்புவா?"

லோசே அக்கா வீட்டு விருந்தாளி நேற்று ஊமையாகிவிட்டான். கம்பெனிக்காரர்கள் தங்கள் இடத்திலிருந்தே எதையோ மாற்றப்போய் வைஃபை நின்றது. கம்பியில் மட்டும் உயிர் இருந்தது. இன்று சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியாயிற்று. நாளை ஞாயிறு, தீவே அசையாது. அக்காவின் ஒரே மகன் கிலிஃபி ஆக்லாந்து மருத்துவமனையில் இருக்கிறான். ஐந்து மணிக்கு அவனுக்கு இதயத்தில் அவசர அறுவைசிகிச்சை. அதற்குமுன் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

பெட்டி இருப்பதோ அக்காவின் படுக்கையறையில். தீவு வழக்கப்படி உடன்பிறந்தவன் அந்த வாசற்படியை மிதிக்க மாட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை. செமிசி தன் பெட்டியை முன்னறையில் வைத்து, கம்பியை வெளியே கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே அக்கா அறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே உள்ளே விட்டார். பிறகு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"போட்டாச்சு" என்றாள் லோசே உள்ளிருந்து.

"பச்சை விளக்கு எரியுதா அக்கா?"

உள்ளே துணி உரசும் சத்தம். பிறகு, "எரியும்."

எரியவில்லை என்பது தன் கைபேசியில் இணையம் வராததைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. மணி நாலே முக்கால். முன்னறைக்கு ஓடிப் பார்த்தார். தன் பெட்டியில் குறையில்லை. திரும்பி வந்து மறுபடி கேட்டார். உள்ளே மறுபடி அதே உரசல், அதே "எரியும்". அப்போதுதான் உறைத்தது. பெட்டியின்மேல் துணி தொங்குகிறது, பெண்கள் உள்ளே காயப்போடும் துணி. தம்பியிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. கேட்க இவருக்கும் வராது. விளக்கைப் பார்க்காமல், கையால் தடவி ஏதோ ஒரு துளையில் செருகியிருக்கிறாள்.

"அக்கா, பெட்டிக்கு மூச்சு முட்டுது போல. நான் பலா மரத்துகிட்ட நிக்கிறேன். நீங்க கூப்புட்டா வரேன்."

ஈரப்பலா மரத்தடியில் நின்று கைபேசியில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிலிஃபியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.

"செமிசி," குரல் தாழ்ந்து வந்தது. "வேற ஓட்டையில இருந்துச்சு. இப்ப பச்சை."

அவர் ஜன்னலடிக்கு வந்து சேர்வதற்குள் உள்ளே கைபேசி மணி அடித்தது. தாயும் மகனும் ஏதோ தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு கிலிஃபியின் குரல் தெளிவாகக் கேட்டது: "மாமா எங்கம்மா? வழக்கம்போல முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறாரா?"

லோசே கைபேசியைக் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே, திரை வெளியே பார்க்கும்படி செருகினாள். அறை தெரியாதபடி அதன் பின்னால் திரைச்சீலையை இழுத்து மூடினாள். செமிசி இடுப்புப் பாயைச் சரிசெய்துகொண்டு, அன்று முதல் தடவையாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.