யன்னலுக்குக் கீழே ஒரு படி

பரஞ்சோதியின் பழைய ரெக்ஸ்டேல் வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்டை வாடகைக்கு விடத் தனி வீடாக்கிக்கொண்டிருந்த தச்சன் கேதீசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆள் வெளியேறக்கூடிய ஒரே யன்னல் வடகிழக்கு மூலையில் இருந்தது. வாஸ்துப்படி அதை அடைத்துச் சாமித்தட்டு வைக்கச் சொன்னார் பரஞ்சோதி. நாளை கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவருகிறது.

“படிப்பக்கம் நெருப்புப் பிடிச்சா எதாலை ஓடுறது, அண்ணை?”

“சாமி பாத்துக்கொள்ளும். நீ அடியடாப்பா.”

“ஊரிலை குண்டுக்குப் பதுங்கிற பங்கருக்கே ரெண்டு வாசல் வெட்டினனாங்கள். அங்கையும் சாமி இருந்தவர்தானே?”

“உனக்கென்ன, நீயே இருக்கப்போறாய்?”

கேதீஸ் சுத்தியலை எடுத்தான். தட்டுக்கு அறுத்த பலகையை யன்னலுக்குக் கீழே படியாக அறைந்தான். அதில் ஏறி, உடலை நெளித்து, வெளியே பனிக்குள் இறங்கினான். பிறகு யன்னலால் தலையை நீட்டினான்.

“சாமிக்கு வேறை மூலை பாருங்கோ.”