உள்ளங்காலை முதலில் பார்ப்பவள்

குழந்தை பிறந்தால் எல்லாரும் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் தொழிலில் உள்ளங்கால், முதுகு, வாயின் மேலண்ணம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் முகம்.

எனக்குச் சொந்த ஊர் சந்தவாசல். வேலை ஜவ்வாது மலைமேல். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை ஏதும் உண்டா என்று பார்த்து, இருந்தால் சிகிச்சைக்கு அனுப்பும் சின்ன மருத்துவக் குழுவில் நர்ஸ். சிகிச்சைக்கு அனுப்புவதுகூடச் சுலபம். வராமல் தடுப்பதைப் பற்றிப் பேசுவதுதான் பாடு. யாருக்காவது நல்லது சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாம் ஒரே சாதி.

கிரகணத்தில் புளி உடைத்தவள்

பூங்கொடிக்கு முதல் குழந்தை. பையன். மேலுதடு பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும் பிளவு. நாங்கள் போனபோது வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. கிரகணத்தன்று மருமகள் வயிற்றுப் பிள்ளையோடு கத்தியை எடுத்துப் புளி உடைத்துக் கொட்டை எடுத்தாள் என்பது மாமியார் கன்னியம்மாள் வைத்த குற்றச்சாட்டு. பூங்கொடி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். குழந்தை பால் குடிக்க முடியாமல் வாடிப்போயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கோபத்தைவிட அவசரம் முக்கியம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பிழிந்த தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காட்டினேன். அது சப்புக்கொட்டிக் குடித்ததைப் பார்த்துப் பூங்கொடியின் அழுகை நின்றது.

பிறகு கன்னியம்மாளிடம் சொன்னேன்: "வயித்துல மொகம் ரெண்டு பக்கத்துலேர்ந்து வளந்து நடுவுல ஒட்டும்மா. அது ரெண்டாவது மாசத்துலயே நடந்துடும். அங்க ஒட்டாமப் போனதுதான் இது. உலகம் பூரா நடக்குது. ஏன்னு பல பேருக்குக் காரணமே தெரியாது. கர்ப்பத்துல பீடி, சிகரெட் பொகை ஆகாது, கண்ட மாத்திரை ஆகாது, அவ்ளோதான் சொல்ல முடியும். கத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." அவர் நம்பவில்லை. ஆனால் பாலாடையை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பால் ஊட்டுவது அவர் வேலையாகிவிட்டது. எடை ஏறியதும் வேலூரில் உதட்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்துத் திரும்பி வந்த பேரனை மடியில் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் கன்னியம்மாள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"மூக்கப் பாரு சிஸ்டர், அப்படியே என்னுது. இது கெரகணத்துல வரல, எங்கிட்டேர்ந்து வந்தது."

பல் முளைக்காத மணப்பெண்

கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை வந்தால், தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். வயிற்றுப் பிள்ளைக்கோ கண், காது, இதயம் என்று எதுவும் பாதிக்கப்படலாம். அதனால்தான் சின்ன வயதிலேயே தடுப்பூசி. இதை மாமரத்தடியில் நின்று, தன் மகளைத் தோளில் போட்டு வந்த ஒரு சாமை விவசாயியிடம் உற்சாகமாக விளக்கினேன். "இப்போ போடற ஊசி நாளைக்கு இவளுக்குப் பொறக்கப்போற புள்ளையையும் காப்பாத்தும்ங்க" என்றேன். அவர் மகளின் வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள இன்னாங்க சிஸ்டர் பேரப்புள்ள பேச்சு?"

நாள் தள்ளுமுன் ஒரு மாத்திரை

செல்விக்கும் அவள் கணவன் கோவிந்தனுக்கும் முதலில் பிறந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை. முதுகுத்தண்டு மூடாமலே பிறந்தது. நான்தான் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அதற்கப்புறம் செல்வி என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். என் முகம் அவளுக்கு அந்த நாளை ஞாபகப்படுத்தியிருக்கும்.

ஒருநாள் அவளே வழியில் நிறுத்தினாள். "இன்னொண்ணு பெத்துக்கலாமா சிஸ்டர்? அதுவும் அப்படியே ஆய்டுமா?" என்றாள். எனக்கு வந்த வேகத்தில் அங்கேயே பாடம் எடுத்துவிட்டேன். முதுகுத்தண்டு மூடுவது கர்ப்பத்தின் முதல் மாதத்திலேயே, பலருக்குக் கர்ப்பம் என்றே தெரிவதற்கு முன்பே, முடிந்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரையைத் தெரிந்த பிறகு ஆரம்பித்தால் அந்தக் கட்டம் கடந்திருக்கும். கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். பல நாடுகளில் கோதுமை மாவிலேயே கலந்துவிடுகிறார்கள். முன்பு இப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்க்கு அளவு கூடுதலாக வேண்டும், அதை டாக்டர்தான் எழுதித் தரவேண்டும். மறுநாளே இருவரையும் போளூர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு ஊரே செல்வி கர்ப்பம் என்று பேசியது. "இன்னும் இல்ல" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

பிறகு நிஜமாகவே உண்டானாள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு நானும் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வெளியே பெஞ்சில் கோவிந்தன் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்து அவன் வெளியே வந்தபோது முகத்திலிருந்து ஒன்றும் புரியவில்லை. நேராக என்னிடம் வந்து, என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும் ஆணா பொண்ணான்னு கேட்டுத் திட்டு வாங்குவாங்களாம் சிஸ்டர். நான் முதுகு மூடியிருக்குதான்னு மட்டும் கேட்டேன். மூடியிருக்குதாம்."

ஜீப் வீட்டுச் சம்பந்தம்

எங்கள் ஜீப் ஓட்டுநர் சவரிமுத்து, ஒடுகத்தூர்க்காரர். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி நான் ஊர் ஊராகப் பேசுவதை வண்டியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படிக் கேட்டவர் தன் மகள் ஜெனிபரை அக்கா மகனுக்கே பேசி முடித்துவிட்டு எனக்கு லட்டு நீட்டினார். அவர்கள் குடும்பத்தில் ஏற்கெனவே சொந்தத்தில் கட்டிய தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காத குழந்தை. லட்டைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். "சொந்தத்துல கட்டினாலே கொறை வரும்னு சொல்லலண்ணே. நெறைய பேருக்கு நல்லாத்தான் பொறக்குது. ஆனா ஒரே தாத்தா கிட்டேர்ந்து மறைஞ்சிருக்கிற ஒரே கோளாறு ரெண்டு பேருக்கும் வந்திருந்தா, அது புள்ளைக்கிட்ட வெளிய வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ஒங்க வூட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குது. மரபணு டாக்டர் ஒருத்தரையாவது பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன். சவரிமுத்து முகத்தைத் தூக்கிக்கொண்டார். அடுத்த வாரம், சம்பந்தம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாகச் சுருக்கமாகச் சொன்னார். அறிவியல் ஜெயித்தது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். ஜெனிபரைப் பேருந்து நிலையத்தில் பார்த்து, அப்பாவுக்குக் கடைசியில் புரிந்துவிட்டதே என்று பாராட்டினேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு அவனப் புடிக்கலன்னு ஒரு வருஷமா சொல்றேன் ஆன்ட்டி, காதுலயே வாங்கல, நீங்க மரபணுன்னதும் அடங்கிட்டாங்க."

வளைந்த பாதம்

புளியந்தோப்பு வைத்திருக்கும் ஏழுமலையின் மகனுக்கு இரண்டு பாதங்களும் உள்பக்கம் வளைந்திருந்தன. "பெரியவனானா தானா நேராய்டும்" என்பது ஏழுமலையின் கட்சி. தானாக ஆகாது, ஆனால் பிறந்த கொஞ்ச நாளிலேயே ஆரம்பித்தால் வாராவாரம் மாவுக்கட்டு மாற்றியே பெரும்பாலும் நேராக்கிவிடலாம் என்பது என் கட்சி. அவர் மனைவி அலமேலு என் கட்சிக்கு மாறினாள். வாரம் தவறாமல் குழந்தையும் மாவுக்கட்டுமாக மலைப் பேருந்தில் கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்குவாள். கண்டக்டர் முன் சீட்டை அவளுக்கென்றே வைத்திருப்பார். கட்டெல்லாம் முடிந்து, குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல். பிறகு கம்பியால் இணைத்த செருப்பு. அதை மாட்டியதும் பிள்ளை வீறிட்டு அழும். கழற்றிவிடலாமா என்று ஏழுமலை தவிப்பார். அலமேலு விடவே மாட்டாள்.

போன மாதம் அவர்கள் ஊருக்குப் போனோம். ஜீப்பைப் பார்த்ததும் தோப்புக்குள்ளிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். நடந்து அல்ல, ஓடி! நான் ரோட்டிலேயே கைதட்டிவிட்டேன். பின்னாலேயே மூச்சிரைக்க ஏழுமலை.

"நடக்கணும்னுதான் வேண்டிக்கினோம் சிஸ்டர். இப்போ நிக்கவே மாட்றான், இதுக்கு எதுனா மாவுக்கட்டு இருக்குதா?"

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: பிள்ளைக்குக் குறை என்றால் ஊர் தாயைக் காரணம் சொல்லும், சரியாகிவிட்டால் சாமியைக் காரணம் சொல்லும், நடுவில் அலைந்தவர்களுக்குக் கிடைப்பது ஒரு படி சாமையும் அடுத்த பிள்ளையைப் பார்க்க வரச்சொல்லி ஓர் அழைப்பும்.