மாமியார் தோளில் ஒரு வெள்ளைக் கறை

போன ஞாயிற்றுக்கிழமை படப்பையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வைத்து என் மானம் போனது. அதுவும் சும்மா போகவில்லை... இவ்வளவு பெரிய மானிட்டரில் போனது.

"அக்கா, இத்த எதுல ஸ்கேன் பண்ணீங்க?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"ஜேபெக்" என்றேன், நிமிர்ந்து உட்கார்ந்து.

"அதான்! பெருசு பண்ணா மூஞ்சி முழுக்க கட்டம் கட்டமா வருது பாருங்க."

பார்த்தேன். என் மாமியாரின் முகம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி சதுரம் சதுரமாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் என் நாத்தனார் செல்வி. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் மாமியாரை நான் நேரில் பார்த்ததில்லை. மாமியாரோடு சண்டை போடும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை என்று இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? செல்விக்கு ஒரு வயது முடிந்த கையோடு அவர் போய்விட்டார். என் கணவருக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் குரல் லேசாக ஞாபகம் இருக்கிறது என்பார். செல்விக்கு அதுவும் கிடையாது.

இருப்பது ஒரே ஒரு போட்டோ. தண்டலத்தில் இருக்கும் எங்கள் சின்ன மாமனாரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, கறுப்பு வெள்ளை. பின் வரிசையில், தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவருக்குப் பின்னால், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். அவ்வளவுதான் மாமியார்!

செல்வி இப்போது படப்பையில் சொந்த வீடு கட்டி முடித்திருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்குள் அம்மா படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்ட வேண்டும். அம்மா முகத்தை ஒரு முறையாவது கண் நிறையப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

விடுவேனா நான்? சின்ன மாமனாரிடம் ஆல்பத்தை வாங்கி வந்து ஸ்கேனரும் கையுமாக உட்கார்ந்தேன். இருபது வருஷமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறவள்... எனக்குத் தெரியாத ஜேபெக்கா?

செல்வி ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். "அண்ணி, டிஃப்னு ஒண்ணு கீதே, ஒரு புள்ளி வுடாம அப்டியே வெச்சிக்குமே, அதுல போடக்கூடாதா? எங்க கம்பெனில மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு எடுத்து வெப்போம். அத்த மாதிரி."

"மாஸ்டர் பீஸா? அது என்னடி?"

"புது பார்ட் வந்தா, அப்ரூவ் ஆன பீஸ் ஒண்ணுக்குப் பச்சை டேக் கட்டி பீரோல பூட்டிடுவோம். லைன்ல ஓடறது எல்லாம் அத்தப் பாத்துப் பண்றதுதான். மாஸ்டர் பீஸ் மேல எவனாவது கைய வெச்சான்னா மெமோதான் அண்ணி."

நான் சிரித்தேன். "டிஃப் எல்லாம் மியூசியத்துக்கு! ஒரு போட்டோ நூறு எம்பி வரும். என் லேப்டாப் மூச்சு முட்டிச் செத்துடும். நீ சும்மா இரு."

சும்மா இருந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் கைவண்ணம். லேப்டாப்பில் இடம் போதாது என்று தரத்தைக் குறைத்து ஸ்கேன். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி ஒரு சேவ். நேராக்கி ஒரு சேவ். பூஞ்சைப் புள்ளிகளைத் துடைத்து ஒரு சேவ். மாமியாரின் தோளில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கறை இருந்தது. அதையும் சுத்தமாகத் துடைத்து இன்னொரு சேவ். எல்லாம் அதே ஃபைல் மேலேயே! ஜேபெக்கின் குணம் தெரியுமோ? ஒவ்வொரு தடவை திருத்தி சேவ் பண்ணும்போதும் கொஞ்சம் விவரத்தைத் தூக்கிப் போடும். கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக்கும்போதுதான் பல்லை இளிக்கும்.

ஃபேமிலி குரூப்பில் போட்டேன். ஏகப்பட்ட ஹார்ட், ஏகப்பட்ட கைதட்டல். ஆல்பத்தையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டூடியோக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வழி சொன்னார். "ஒரிஜினல் இருந்தா எடுத்தாங்கக்கா, பாத்துக்கலாம்." உடனே செல்வியின் ஸ்கூட்டியில் தண்டலத்துக்குப் பறந்தோம்.

சின்ன மாமனார் பெருமையாகக் கொண்டு வந்து நீட்டினார். பளபளவென்று... லேமினேஷன்!

"நீ ஸ்கேன் பண்ண சொல்லத்தாம்மா தோணுச்சு, இத்தப் பத்திரமா வெச்சிக்கணும்னு. காலேஜாண்ட கடையில குட்த்து போட்டுனு வந்தேன்."

சூட்டில் பழைய பேப்பர் உப்பி, பின் வரிசை முழுக்கக் கொப்புளம். மாமியார் இருந்த இடத்தில் ஒரு மடிப்பு ஓடியது. முகமே இல்லை. சின்ன மாமனார் கெடுத்தது பாதி என்றால் நான் கெடுத்தது பாதி. அந்த முகம் இனி எங்கேயும் இல்லை. செல்வியின் முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்ப்பது?

வாசலுக்கு வந்ததும் அவளே கைப்பையைத் திறந்தாள். ஒரு பென் டிரைவ். அதில், நம்பினால் நம்புங்கள், ஒரு பச்சை டேக்!

"அன்னிக்கு நீங்க குக்கர எறக்கப் போனீங்க இல்ல அண்ணி... அப்ப இந்த ஒரு போட்டோவ மட்டும் டிஃப்ல எடுத்துக்கினேன். ஃபுல் ரெசல்யூஷன்."

"ஸ்டூடியோலயே ஏன்டி சொல்லலை?"

"உங்கள கேக்காம பண்ணது. ஒரிஜினல்தான் கீதே, எதுக்கு அவ்ளோ பேர் எதிர்க்க உங்க மனசக் கஷ்டப்படுத்தணும்னுதான்..."

நடுரோட்டில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

எனவே, இந்தப் பத்தியின் அனுபவசாலி அடித்துச் சொல்கிறாள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய போட்டோவை முதலில் டிஃப்பில் எடுங்கள். பெரிய ஃபைலா? இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் பூட்டி வையுங்கள். ஒரு நகல் எடுத்து அதை ஜேபெக் ஆக்கி, துடையுங்கள், வெட்டுங்கள், குரூப்பில் போட்டு ஹார்ட் வாங்குங்கள். மாஸ்டர் பீஸ் மேல் மட்டும் கை வைக்காதீர்கள். முக்கியமாக, என்னைப் போன்ற புத்திசாலிகளைக் கை வைக்க விடாதீர்கள்.

திரும்ப ஸ்டூடியோ. டிஃப் மெதுவாகத் திறந்தது. முகம் வந்தது... கட்டமே இல்லாமல். செல்வி நாற்காலியை இழுத்துக்கொண்டு மானிட்டருக்குக் கிட்டே போனாள்.

"அக்கா, தோள்மேல வெள்ளையா ஒண்ணு கீது பாருங்க. தொட்ச்சுடவா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தொடாதீங்கண்ணா" என்றாள் செல்வி. "இன்னும் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினார். அது கறை இல்லை. நாலு விரல். குட்டி விரல்கள், மாமியாரின் ரவிக்கையை இறுக்கிப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் கருப்பு மணி. மற்றதெல்லாம் அந்தப் பெரியவரின் தலைப்பாகைக்குப் பின்னால்.

செல்வி தண்டலத்துக்கு போன் போட்டாள். "சித்தப்பா, உங்க கல்யாண போட்டோல எங்கம்மா கைல கீற கொழந்த யாரு?"

ஸ்பீக்கரில் சிரித்தார். "வேற யாரு? நீதான். கொழந்தய எறக்கிட்டு நில்லும்மான்னான் போட்டோக்காரன். உங்கம்மா முடியவே முடியாதுன்னுடுச்சே!"

அதற்கு மேல் ஸ்டூடியோவில் இரண்டு பெண்களும் கூச்சமில்லாமல் அழுதோம்.

போட்டோக்காரன் சொல்லியும் மாமியார் இறக்காத பிள்ளையை, கறை என்று நான் ஒரே கிளிக்கில் இறக்கிவிடப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குள் நடந்ததே இந்த ஒரு சண்டை... அதிலும் மாமியார்தான் ஜெயித்தார்.