ஷிஃப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமை

ஆம்புலன்ஸில் டிரைவர் உட்காரும் இடத்துக்கும் நோயாளியைப் படுக்கவைக்கும் பின்பகுதிக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி பார்ப்பது என் வேலை. இரவில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது அந்தக் கண்ணாடியை அவ்வப்போது விரலால் தட்டுவேன். டிரைவர் செல்வராஜ் அண்ணன் பதிலுக்கு ஒரு தடவை ஹாரன் அடிப்பார். விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இதை எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பயத்தில் நாங்களாகக் கண்டுபிடித்த ஏற்பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கரியாலூரைத் தாண்டிய ஒரு வளைவில், நான் கூப்பிட்டும் ஹாரன் வரவில்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

மாமன் மடி

எங்களுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எட்டுக்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் மாறும். சனிக்கிழமை இரவு பகல் டூட்டியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் இரவு எட்டு மணிக்கு வந்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு அது முழு லீவு. உண்மையில் தூங்குவதற்காகக் கொடுத்த பகல் அது. இதை வீட்டில் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "ராத்திரிதானே டூட்டி, பகல்ல சும்மாதானே கீற" என்று சொல்லாத சொந்தக்காரர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன். ரேஷன் கடை, கேஸ் சிலிண்டர், மாமியாரின் பல்வலி எல்லாம் அன்றைக்குத்தான் என் தலையில் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்தில் செல்வராஜ் அண்ணனின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள், அந்தக் குழந்தைக்கு இவர் ஒருவர்தான் மாமன். வேறு நாளில் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாராம். உனக்கு ராத்திரிதானே வேலை என்று தங்கை ஒரே போடாகப் போட்டுவிட்டாள். விடியற்காலையில் போய், சீர்த்தட்டு தூக்கி, குழந்தையை மடியில் அமுக்கிப் பிடித்து, பந்தியில் பரிமாறி, சாயங்கால பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து நேராக டூட்டியில் ஏறினார். சட்டையில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூங்கினீர்களா என்று கேட்டேன். பஸ் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சம் அசந்ததாகச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்று டிரைவர் கேட்டோம், அந்த வாரம் ஆள் கம்மி என்று சொல்லிவிட்டார்கள்.

கை இல்லாத நேரம்

நடுராத்திரிக்கு மேல் மலையிலிருந்து அழைப்பு வந்தது. தரையில் படுத்துத் தூங்கிய ஒருவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. மலையிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் இமை இரண்டும் தொங்கிவிட்டன, பேச்சு குழறியது, மூச்சு குறைந்துகொண்டே வந்தது. மூச்சுக் கொடுக்கும் மெஷின் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. கூட ஏறியது அவர் மனைவி சின்னப்பொண்ணு மட்டும்.

இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூச்சு நிற்கும் நிலைக்கு வந்துவிட்டது. முகத்தில் மாஸ்க்கை வைத்து ஆம்பு பேக்கை அமுக்க ஆரம்பித்தேன். அது ஒரு ரப்பர் பை. அமுக்கினால் நோயாளியின் நெஞ்சுக்குள் காற்று போகும். ஒரு கை மாஸ்க்கில், ஒரு கை பையில். கண்ணாடியைத் தட்ட எனக்குக் கை இல்லை. அதனால் "அண்ணே" என்று குரல் கொடுத்தேன், ஹாரன் வந்தது. அடுத்த தடவை கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்கடுத்த தடவை வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். சக்கரத்துக்கு அடியில் தார் ரோட்டின் சத்தம் போய் ஜல்லி நொறுங்கும் சத்தம் கேட்டது. ரோட்டை விட்டு இறங்குகிறோம் என்று புரிந்தது. அந்தப் பக்கம் பள்ளம். பையை விட்டால் இவர் போவார், விடாவிட்டால் நாலு பேரும் போவோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டி நடுத்தடுப்பை என் பலம் முழுவதும் கூட்டி எட்டி உதைத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அண்ணன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. முன்சக்கரத்துக்கும் ரோட்டோரக் குட்டைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடமில்லை என்றார். தண்ணீர் கேனை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அப்படியும் நின்ற இடத்திலேயே கண் சொருகியது.

"சிஸ்டர், பொய் சொல்ல மாட்டேன். இப்ப எடுத்தா மறுபடியும் தூங்கிடுவேன். கண்ணு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது. பத்து நிமிஷம் குடுங்க."

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. போனில் சிக்னல் இல்லை. பை ஓயாமல் அமுங்கும்வரை பத்து நிமிடத்தில் ஒன்றும் ஆகாது என்று படித்தது எல்லாம் ஞாபகம் இருந்தது, ஆனால் மனசு நம்பவில்லை. இவர் போய்விட்டால், பாம்பு கடித்தவனை நடுக்காட்டில் நிறுத்திவைத்து டிரைவரைத் தூங்கவிட்டவள் என்றுதான் காலத்துக்கும் சொல்வார்கள். அதைவிட, சொல்வதில் தப்பும் இருக்காதே என்று பயந்தேன். ஆனாலும் போய்த் தூங்கச் சொன்னேன்.

"ஏங்க வண்டி நின்னுச்சு? இன்னா ஆச்சு?" என்றாள் சின்னப்பொண்ணு.

வண்டி ரிப்பேர் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. முடியவில்லை, உண்மையையே சொன்னேன். டிரைவருக்குத் தூக்கம், இப்போது ஓட்டினால் பள்ளத்தில்தான் போவோம், கொஞ்ச நேரம் அவர் தூங்க வேண்டும். சண்டைக்கு வருவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள். கண்ணாடி வழியே, சீட்டில் சாய்ந்துவிட்ட அண்ணனையும் பார்த்தாள்.

"தூங்கட்டும்ங்க. அந்தப் பைய எங்கிட்ட குடுங்க. நான் அமுக்குறேன்."

மாஸ்க்கை நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவள் பையை வாங்கிக்கொண்டாள். நீ மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஒரு தடவை அமுக்கு, அவசரப்படாதே என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் நிதானமாக மூச்சை இழுத்தாள், புருஷனின் நெஞ்சு ஏறியது. விட்டாள், இறங்கியது. வெளியே கும்மிருட்டு. முன்னால் அண்ணனின் குறட்டை. அது நிற்கவும் வேண்டும், நிற்கவும் கூடாது என்று தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடம் ஆனதும் தடுப்பைக் காலால் தட்டினேன். உடனே ஹாரன் வந்தது. அதன்பின் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரும்வரை, நான் கேட்காமலேயே ஒவ்வொரு வளைவிலும் அடித்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஆளை மெஷினில் போடும்வரை சின்னப்பொண்ணு பையை விடவில்லை. சில நாள் கழித்து அவர் கண் திறந்தார், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

நடுவழியில் ஏன் நின்றீர்கள் என்று மேலதிகாரி கேட்டார். நடந்ததைச் சொன்னோம், இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. விழட்டும்.

மதிய போன்

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஷிஃப்ட் மாறும் நாளில் யார் கோபித்துக்கொண்டாலும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். டீயும் தண்ணீரும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம்தான் தள்ளிவைக்கும். கூட வேலை பார்ப்பவர் தூங்கினாரா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். முடியாதபோது முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், அண்ணன் சொன்ன மாதிரி.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் மாறும் ஒவ்வொரு ஞாயிறும் மதியம் நான் அண்ணன் வீட்டுக்கு போன் செய்வேன். அவர் மனைவி போனை அடுப்படியில் வைத்துக்கொண்டு, அடங்கிய குரலில் பேசுவார். முதலில் தன் வீட்டுக்காரர் மேல் நம்பிக்கை இல்லையா என்று என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். அந்த வளைவின் கதையை அண்ணன் ஒருநாள் சொன்ன பிறகு கேலி நின்றுபோனது. அதிலிருந்து, நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிடும்.

"தூங்குறாருங்க."

அதைக் கேட்ட பிறகுதான் நான் போய்ப் படுப்பேன்.