ஐஸ் இல்லாத குளிர்காலம்

என் கணவருக்குக் கைத்தொலைபேசி என்றால் காதில் வைப்பதற்கு மட்டும்தான். செய்தி, காலநிலை, மரண அறிவித்தல் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் அந்தச் சோம்பல் எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று.

அவருக்கு ஒரு விசர், மீன்பிடிப் பைத்தியம், உண்டு. கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணித்தியாலம் போனால் சிம்கோ ஏரி. தை மாதத்தில் அது கல்லாக உறைந்துவிடும். அதன்மேல் நடந்துபோய், பெரிய துறப்பணத்தால் ஐஸைத் துளைத்து, அந்த ஓட்டைக்குள் குட்டித் தூண்டிலை இறக்கிவிட்டு, கவிழ்த்த வாளியில் குந்தியிருப்பார்கள். அகப்படுவது பேர்ச் மீன். ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கரும்பச்சைப் பட்டிகள், முதுகில் குத்துகிற முள். அந்த ஒரு சாண் மீனுக்காக நாள் முழுக்கக் காற்றில் விறைத்துவிட்டு, மூக்கும் காதும் சிவக்க வந்து வாசலில் நிற்பார். முகத்தைப் பார்த்தால் ஏதோ ராச்சியம் பிடித்துக்கொண்டு வந்தவர் மாதிரி இருக்கும். மற்றவர்கள் கூடாரம் அடித்து, உள்ளே ஹீற்றர் வைத்துக்கொண்டு பிடிப்பார்கள். இவருக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம்.

“கூடாரத்துக்குள்ளை இருந்து பிடிக்கிறதெண்டால் வீட்டு பேஸ்மென்ரிலை இருந்து பிடிக்கலாமே” என்பார்.

அந்தக் குளிர்காலத்துக்கு முந்திய இலையுதிர் காலத்தில் அவருடைய நெஞ்சைத் திறந்து இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வாயில் குழாயோடு, மயக்கம் தெளியாமல் கிடந்த அவருடைய கட்டிலோரம் நின்று நான் மாதாவோடு ஓர் ஒப்பந்தம் செய்தேன். இவரைத் திருப்பித் தாருங்கள், இனி நான் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன் என்று. மாதா தன் பங்கைச் செய்தார். என் பங்கை நான் கொஞ்சம் கூடுதலாகவே செய்துவிட்டேன்.

மார்கழியில் டொக்டர் போனில் பேசினார். ஆள் நன்றாகத் தேறிவிட்டார், பாரம் தூக்கக் கூடாது, குளிர்காற்று நேரே படக் கூடாது, மற்றபடி பிடித்ததைச் செய்யட்டும் என்றார். ஐஸ் மீன்பிடிக்குப் போகலாமா என்று நானேதான் கேட்டேன், வேண்டாம் என்பார் என்ற நம்பிக்கையில். கூடாரத்துக்குள் சூடாக, துணையோடு என்றால் தாராளமாகப் போகலாம், மனதுக்கும் நல்லது என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன்.

“என்னவாம்?” என்று கேட்டார்.

“பாரம் தூக்கக் கூடாதாம். குளிர்காத்துப் படக் கூடாதாம்.”

அவ்வளவுதான் சொன்னேன். பொய் எதுவும் சொல்லவில்லையே என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

பொய் அதற்குப் பிறகு வந்தது. தை பிறந்ததும் தினமும் காலையில், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வாங்கும்போதே கேட்பார்.

“இஞ்சேர், ஏரி இறுகிட்டுதோ?”

நான் போனைத் தட்டிப் பார்ப்பேன். முதல் கிழமைகளில் உண்மையாகவே இறுகவில்லை. குளிர் குறைவு, ஐஸில் கால் வைக்காதீர்கள் என்று பொலிஸ் எச்சரித்துக்கொண்டிருந்தது. “இல்லையாம்” என்பேன். அவரும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடிப்பார். பிறகு பிடித்தது ஒரு குளிர். எங்கள் வாசற்படியில் ஊற்றிய தண்ணீரே கண்ணாடியானது. ஏரி இறுகிவிட்டது, கூடாரங்கள் முளைத்துவிட்டன என்று படம் படமாகப் போனில் வந்தது. அன்றைக்கும் நான் “இல்லையாம்” என்றுதான் சொன்னேன். நாக்குக்குப் பழகியிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். நான் ஒரு முழு ஏரியை மறைத்தேன். அதற்கு ஒத்தாசையும் பிடித்தேன். இவரை வழக்கமாக ஏற்றிக்கொண்டு போகிற ஒரு தம்பி இருக்கிறார், மிசிசாகாப் பக்கம் விமானநிலையத்தில் வேலை. அவரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த வருசம் அண்ணையைக் கேக்காதேங்கோ. ஐஸ் எண்ட கதையே எடுக்காதேங்கோ” என்றேன். பாவம், அவர் நல்ல பிள்ளை. “சரியக்கா, அண்ணையின்ரை உடம்புதானே முக்கியம்” என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்க மறந்துவிட்டேன். அவர்களுடைய மீன்பிடிக் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. எத்தனை மீன் பிடித்தாலும் கரையில் கொட்டி எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடுவார்கள். சுகமில்லாமல் வீட்டில் கிடப்பவனுக்கும், அவனும் வந்து வாளியில் இருந்தவன் மாதிரியே, ஒரு பங்கு போகும். அந்த முறையைக் கொண்டுவந்ததே என் கணவர்தான். பங்கை வேண்டாம் என்று திருப்பினால், ஆளைக் கூட்டத்திலிருந்து வெட்டிவிட்ட மாதிரி. அந்தத் தம்பி ஒரு சனிக்கிழமை பின்னேரம் பக்கவாசலைத் தட்டி, “அக்கா, அண்ணையின்ரை பங்கு” என்று ஒரு பையை நீட்டினார். இவர் மேலே படுத்திருந்தார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

நல்ல மீனை எறிய எனக்கு மனம் வரவில்லை. பேஸ்மென்ரில் வைத்துச் செதில் உரசிக் கழுவி, தேங்காய்ப்பால் விட்டுத் தலையோடு சொதி வைத்தேன். தவக்காலமும் தொடங்கியிருந்ததால் வெள்ளிக்கிழமைகளில் மீன்தான்.

“எங்கை வாங்கினது?” என்று கேட்டார்.

“வோபர்னிலை. அந்த மீன்கடையிலை.”

ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். “நல்ல மீன்” என்றார். அவ்வளவுதான். நானும் பெருமூச்சு விட்டுக்கொண்டு இன்னொரு அகப்பை ஊற்றினேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. பங்கு வரும், வோபர்ன் மீனாகி மேசைக்குப் போகும். காலையில் அவர் கேட்பார், நான் இல்லையென்பேன். பெரிய வியாழனுக்கு முன்னர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், மச்சாளோடு கோபமாகப் பேசியதைக்கூடச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பாவம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரு மனிதனை உயிரோடு வைத்திருப்பது எப்படிப் பாவமாகும்?

அதற்கு அடுத்த நாளோ மற்ற நாளோ, உடுப்புத் தோய்க்கப் போட்டேன். அவருடைய கம்பளிச் சட்டைப் பையைத் துழாவியபோது விரலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. இழுத்துப் பார்த்தால், நகத்தளவு ஈயத்தில் பச்சை வர்ணம் பூசிய ஒரு சின்னத் தூண்டில் முள். ஐஸ் மீன்பிடிக்கு மட்டும் பாவிக்கிறது. அந்தச் சட்டை அவருடைய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் வாங்கிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஏரிப் பக்கம் போனதே இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். விரலை வாயில் வைத்துக்கொண்டு வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றேன். எந்த மீனின் வாயில் அது அறுந்து தங்கியிருந்தது, எந்தச் சொதியில் போய் விழுந்தது என்று யோசித்தேன். தலை எப்போதும் அவருக்குத்தான் போகும்.

மேலே போனேன். அவர் மேசைக்கு முன்னால் இருந்தபடி எனக்காக உள்ளிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாரமில்லாத வேலை என்று நான் கொடுத்தது. முள்ளை அவருக்கு முன்னால் வைத்தேன்.

“இது எங்கையிருந்து வந்தது?”

“சொதியிலை. தலையைச் சூப்பேக்கை பல்லிலை தட்டினது.” உரிப்பதை அவர் நிறுத்தவில்லை. “எனக்கு அதுக்கு முதலே தெரியும். கடை மீன் உப்பிடி இராது.”

“அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? தெரிஞ்சுகொண்டே ஏன் ஒவ்வொரு நாளும் ஏரி இறுகிட்டுதோ எண்டு கேட்டனீங்கள்?”

“நீ ஒரு நாளைக்கு ஓமெண்டு சொல்லுவாய் எண்டு பார்த்தனான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சண்டையென்றால் தோற்க மாட்டேன். எனக்குத் தெரியாத பாஷையில் பேசியது மாதிரி இருந்தது அது. அந்த இடத்திலேயே தம்பிக்குப் போன் அடித்தேன். “அக்கா, கூடாரமெல்லாம் கழட்டியாச்சு. கரையோரம் தண்ணி ஓடுது” என்றார். “இப்ப உண்மையாவே இல்லையாம்” என்று கணவரிடம் சொன்னேன். ஓம் என்று தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்புங்கள் என்று கேட்க எனக்கு என்ன தகுதி?

கோடை முழுக்க எனக்கு ஒரே நினைப்புத்தான். ஒஷாவாவில் ஒரு கடையில் கழிவு விலையில் போட்டிருந்த கூடாரம் ஒன்றை வாங்கினேன். சின்ன ஹீற்றர், சாய்கதிரை, எனக்கும் ஒரு சோடி சப்பாத்து. நானும் போய்ப் பக்கத்தில் இருப்பதென்று முடிவு. எல்லாவற்றையும் கராஜில் அடுக்கி வைத்தேன். அவர் அவற்றைக் கடந்து போவார், வருவார், ஒன்றும் கேட்க மாட்டார். எனக்குத் தண்டனை தருகிறார் என்று நினைத்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தண்டனை என்றால் ஒரு நாள் முடியும்தானே.

இந்த வருடம் குளிர் முந்திவிட்டது. காலையில் தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டு, அவர் கேட்காமலே நான் சொன்னேன். “ஏரி நல்லா இறுகிட்டுதாம்.”

“ஓ” என்றார்.

சனிக்கிழமை தம்பி வாகனத்தை வாசலுக்குக் கொண்டுவந்தார். கூடாரத்தை ஏற்றியாயிற்று. நான் சப்பாத்துப் போட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலோடு தயாராக நின்றேன். அவர் வாசல்வரை வந்தார். வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் உப்புப் போட்டிருந்த படியில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டார்.

“அண்ணை, வெய்யிலும் எறிக்குது, வாங்கோ” என்று கூப்பிட்டார் தம்பி.

“நீங்கள் போட்டு வாங்கோ தம்பி. என்னாலை ஏலாது. வழுக்கி விழுந்தால் என்ன செய்யிறது? அங்கை வைச்சு நெஞ்சுக்கு ஏதும் வந்தால் ஆர் தூக்கிறது?”

உறைந்த ஏரியின் நடுவில், விறைக்கிற காற்றில், வெறும் வாளியில் குந்தியிருந்த மனிதன் இவர். நான் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். எங்கேயாவது குத்தல் இருக்கிறதா, என்னைப் பழிவாங்குகிறாரா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. உண்மையாகவே பயந்துபோயிருந்தார். டொக்டர் அவருடைய நெஞ்சைத் திறந்து மூடியபோது அதற்குள் அந்தப் பயம் இருக்கவில்லை.

தம்பி தனியாகப் போனார். நான் சப்பாத்தைக் கழற்றவும் தோன்றாமல் வாசலில் நின்றேன். அவர் என் தோளில் கையை வைத்து, மெதுவாக உள்ளே திரும்பினார்.

“நல்ல காலம்,” என்றார், “போன வருசம் நீ என்னை விடேல்லை.”